500 கிராமில் ஒரு போட்டி ரோபோ

(க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானம், தொழினுட்பப் பாடங்களுக்கான ஒன்றிணைந்த மீட்டற் கட்டுரை)



விசை, உராய்வு, விசையின் திருப்பம், ஓமின் விதி, இயக்க சக்தி ஆகிய அலகுகளை நீங்கள் வெவ்வேறு தவணைகளில் தனித்தனியே கற்றிருப்பீர்கள். வினாத்தாளிலும் அவை பெரும்பாலும் தனித்தனியாகவே வருகின்றன. ஆனால் ஓடக்கூடிய ஒரு பொருளைச் செய்ய உட்காரும்போது இந்த ஐந்து அலகுகளும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன. ஒன்றை மறந்தால் மற்ற நான்கும் பயன்படா. அதனை விளங்கிக்கொள்வதற்காக, மேடையில் மோதி எதிரியை வெளியே தள்ளும் ஒரு சிறிய போட்டி ரோபோவை இக்கட்டுரையில் வடிவமைத்துப் பார்ப்போம்.

இக்கட்டுரையைக் கற்றபின் நீங்கள்,

• ஒரு பொருளுக்கான விவரக்கூற்றையும் திணிவுப் பங்கீட்டையும் தயாரிப்பீர்கள்.
• சில்லின் மீதுள்ள செவ்வன் மறுதாக்கத்துக்கும் தள்ளும் விசைக்கும் உள்ள தொடர்பை விளக்குவீர்கள்.
• திருப்பக் கோட்பாட்டைப் பயன்படுத்திப் பாரத்தின் இடத்தைத் தீர்மானிப்பீர்கள்.
• மோட்டருக்கும் உருகிக்கும் உரிய மின்னோட்டத்தைக் கணிப்பீர்கள்.

1. ரோபோ என்னும் சொல்

செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920 இல் வெளியிட்ட நாடகமொன்றின் மூலமே "ரோபோ" என்ற சொல் உலகுக்கு அறிமுகமாயிற்று. கட்டாய உழைப்பு என்னும் பொருள்படும் செக் மொழிச் சொல்லிலிருந்து அது பிறந்தது. ஊதியம் கேளாமல், ஓய்வு கேளாமல் வேலை செய்யச் செயற்கையாக உருவாக்கப்பட்ட உழைப்பாளிகளே அந்நாடகத்தின் ரோபோக்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லின் வேர் விளங்காமற் போகாது.

கண்டிப்பாகப் பார்த்தால், சூழலைத் தானே உணர்ந்து தானே செயற்படும் பொறியே ரோபோ ஆகும். போட்டி ரோபோக்களிற் பெரும்பாலானவை மனிதரால் தொலைவிலிருந்து இயக்கப்படுவன. வழக்கில் அவையும் ரோபோ என்றே அழைக்கப்படுகின்றன.

2. போட்டியின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1994 ஆம் ஆண்டு மார்க் தோர்ப் என்பவர் "ரோபோ வார்ஸ்" என்னும் போட்டியை நடத்தினார். 1998 இல் அதே பெயரில் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஆரம்பமாகியது. அதன் முதலாவது வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது "ரோட்பிளாக்" என்னும் ரோபோ. இங்கிலாந்தின் கோர்ன்வால் பிரதேசத்தில் உள்ள பொட்மின் நகரப் பாடசாலை ஒன்றின் குழுவே அதனைச் செய்தது. அதன் பலம் எங்கே இருந்தது தெரியுமா? பின்புறத்தில் ஓர் அறுக்கும் வட்டத் தட்டு இருந்தது உண்மைதான். ஆனால் அதன் முன்புறம் வெறும் சாய்தளம். நிலத்தோடு தாழ்ந்து சென்று எதிரிக்கு அடியில் நுழையும் ஓர் ஆப்பு.

அதே தொடரில் "ஹிப்னோ டிஸ்க்" என்ற ரோபோ பின்னர் பங்குபற்றியது. அதன் பாரமான சுழல் தட்டு எதிரிகளைத் துண்டு துண்டாகக் கிழித்தது. பார்வையாளர்கள் மிகவும் அஞ்சிய ரோபோக்களில் அதுவும் ஒன்று. எனினும் அது ஒருமுறையேனும் அத்தொடரின் முதன்மைக் கிண்ணத்தை வெல்லவில்லை. ஓர் இறுதிப் போட்டியில், எதிரியைத் தூக்கிப் புரட்டும் பொறிமுறை கொண்ட "கேயாஸ் 2" அதனைத் தோற்கடித்தது. சுழல் ஆயுதம் ஒருபோதும் வெல்லாது என்று இதற்குப் பொருளல்ல. 2016 இல் அமெரிக்கப் போட்டியான "பட்டில்பொட்ஸ்" கிண்ணத்தை வென்ற "டூம்ஸ்டோன்" சுழல் ஆயுதம் கொண்டதே. ஆனால் அதற்குப் பின்னால் பல ஆண்டு அனுபவமும் பெரும் செலவும் இருந்தன. தொடக்கநிலையாளருக்கு உகந்த பாடம் ரோட்பிளாக்கிடமே உள்ளது.

இந்தியாவில் மும்பாய் இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் டெக்ஃபெஸ்ட் விழாவில் ரோபோச் சண்டைப் போட்டிகள் நடத்தப்பட்டு வந்துள்ளன. நமது நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மாலபேயில் உள்ள இலங்கைத் தகவல் தொழினுட்ப நிறுவகமும் ரோபோப் போட்டிகளை நடத்தியுள்ளன. அவை சண்டைப் போட்டிகள் அல்ல. குறித்த பணியொன்றை ரோபோ தானே செய்து முடிக்கும் போட்டிகள். எனினும் இக்கட்டுரையிற் கற்கும் ஓட்டப் பொறிமுறை அங்கும் பயன்படும்.

3. விதியே வடிவமைப்பின் தொடக்கம்

எல்லாப் போட்டிகளும் திணிவு எல்லையிலேயே தொடங்குகின்றன. பிரித்தானியாவில் "எறும்பு நிறை" எனப்படும் பிரிவின் எல்லை 150 கிராம். யப்பானில் தோன்றிய ரோபோ சுமோவின் சிற்றளவுப் பிரிவில் எல்லை 500 கிராம். நீள அகலம் ஒவ்வொன்றும் 10 செ.மீ.; வட்ட மேடையின் விட்டம் 77 செ.மீ. எதிரியை வட்டத்துக்கு வெளியே தள்ளுபவரே அதில் வெற்றியாளர்.

நாம் சுமோவின் திணிவையும் மேடையையும் அப்படியே எடுத்துக்கொள்வோம். மலிவான மோட்டர்கள் அடங்குவதற்காக நீள அகலத்தை மட்டும் 15 செ.மீ. ஆகத் தளர்த்துவோம்.

விவரக்கூற்று:
(அ) மொத்தத் திணிவு 500 கிராமுக்கு மேற்படலாகாது.
(ஆ) நீளம், அகலம் ஒவ்வொன்றும் 15 செ.மீ.க்கு மேற்படலாகாது.
(இ) வெட்டும், சுழலும், எரியும் ஆயுதங்கள் கூடா.
(ஈ) வெளியிலிருந்து எட்டக்கூடிய ஆளி ஒன்றும் உருகி ஒன்றும் இருத்தல் வேண்டும்.
(உ) தொலைக்கட்டுப்பாட்டால் இயங்க வேண்டும்.

கவனிக்க: 500 கிராம் என்பது திணிவு. நிறை என்பது விசை. அதன் அலகு நியூற்றன். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால் 0.5 கிலோகிராம் திணிவின் நிறை 5 நியூற்றன் ஆகும். பரீட்சையில் இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழப்பவர் பலர்.

4. திணிவுப் பங்கீடு

மாதச் சம்பளத்தை வீட்டில் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். அரிசிக்கு இவ்வளவு, கடைக் கணக்குக்கு இவ்வளவு, பிள்ளையின் பஸ்ஸுக்கு இவ்வளவு. ஒன்றில் கூடினால் இன்னொன்றில் வெட்ட வேண்டும். 500 கிராமும் அவ்வாறே.

மோட்டர் இரண்டு (பற்சில்லுத் தொகுதியுடன்) – 60 கிராம்
சில்லு இரண்டு – 70 கிராம்
மீளேற்றத்தக்க 1.2 வோல்ற்று மின்கலம் நான்கும் கூடும் – 125 கிராம்
வாங்கியும் மோட்டர்க் கட்டுப்பாட்டுச் சுற்றும் – 35 கிராம்
ஆளி, உருகி, கம்பி – 25 கிராம்
அடித்தளம் (மெல்லிய ஒட்டுப்பலகை) – 75 கிராம்
முன் ஆப்பு (அலுமினியத் தகடு) – 60 கிராம்
திருகாணி, சுரை – 25 கிராம்
ஒதுக்கம் – 25 கிராம்
மொத்தம் – 500 கிராம்

இவை அண்ணளவான பெறுமானங்கள். உங்கள் கையில் உள்ள பொருளை நிறுத்துப் பார்த்தே எழுத வேண்டும். கொழுந்து நிறுக்கும் தராசு கிராமைக் காட்டாது. நகைக் கடையிலோ பாடசாலை ஆய்வுகூடத்திலோ உள்ள தராசைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். ஒதுக்கமாக விட்ட 25 கிராமைத் தொடக்கத்திலேயே செலவழிக்க வேண்டாம். பழுது பார்க்கும்போது கூடும் ஒட்டும் கம்பியும் அதைத் தின்றுவிடும்.

5. சில்லு சுற்றியது, வண்டி நகரவில்லை

நான் கலைப் பட்டதாரி. பொறியியல் கற்றவனல்லன். உடப்புசல்லாவையில் எங்கள் மாலை வகுப்பில் முதலாவது ரோபோவைச் செய்தபோது எல்லோரும் நினைப்பதையே நாங்களும் நினைத்தோம். முன்னால் கனத்த உருக்குத் தகடு ஒன்றைப் பூட்டினோம். தகட்டுக்குப் பக்கத்திலேயே மின்கலங்களையும் வைத்தோம். பார்க்கப் பயங்கரமாக இருந்தது. நிறுத்தால் 640 கிராம். மேடையில் வைத்து ஒரு செங்கல்லைத் தள்ளச் செய்தபோது சில்லுகள் சுற்றின. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மோட்டருக்குப் பலம் போதாது என்றே நான் நினைத்தேன்.

அப்போது பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் சொன்னான்: "சேர், கொழுந்து லொறி மழையில சறுக்கினா பின்சில்லுக்கு மேல ரெண்டு பேர் ஏறி நிப்பாங்க. இதுல பாரமெல்லாம் முன்னால கெடக்கு."

அவன் சொன்னதே அன்றைய பாடம். இராகலைப் பக்கத்து வளைவுகளில் மழை நாளில் நாம் எல்லோரும் கண்டிருக்கும் காட்சி அது. அதனை விஞ்ஞான மொழியில் எழுதுவோம்.

சில்லு நிலத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. உராய்வின் மூலம் நிலம் சில்லை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்த உராய்வுக்கு ஓர் உச்சம் உண்டு. அதுவே எல்லை உராய்வு. எல்லை உராய்வு இரண்டில் தங்கியுள்ளது: தொடும் மேற்பரப்புகளின் இயல்பு, அவற்றுக்கிடையிலான செவ்வன் மறுதாக்கம். மோட்டர் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் எல்லை உராய்வுக்கு மேல் ரோபோவால் தள்ள முடியாது. அதற்கு மேற்பட்டால் சில்லு வழுக்கும்.

இறப்பர்ச் சில்லுக்கும் எமது பலகை மேடைக்கும் இடையில் எல்லை உராய்வு, செவ்வன் மறுதாக்கத்தின் 0.8 பங்கு எனக் கொள்வோம். இந்த 0.8 ஐ உராய்வுக் குணகம் என்பர். கணக்கின் எளிமைக்காக முன் தகட்டின் உராய்வைப் புறக்கணிப்போம்.

6. திருப்பத்தால் பாரத்தைப் பங்கிடல்

இரண்டு சில்லு ரோபோ நிலத்தை இரண்டு இடங்களில் தொடுகிறது: பின்னால் சில்லு, முன்னால் ஆப்பின் நுனி. பாரம் இவ்விரண்டுக்கும் பங்கிடப்படுகிறது. நுனியில் விழும் பாரம் தள்ளுவதற்கு உதவாது. சில்லில் விழும் பாரமே உதவும்.

முதலாவது ரோபோ:
நிறை = 6.4 நியூற்றன். அச்சிலிருந்து நுனிக்குத் தூரம் 10 செ.மீ. அச்சிலிருந்து ஈர்ப்பு மையத்துக்குத் தூரம் 5 செ.மீ.
அச்சைப் பற்றித் திருப்பம் எடுக்க, 6.4 × 5 = நுனியின் மறுதாக்கம் × 10
நுனியின் மறுதாக்கம் = 3.2 நியூற்றன்
சில்லுகளின் மறுதாக்கம் = 6.4 – 3.2 = 3.2 நியூற்றன்
உச்சத் தள்ளும் விசை = 3.2 × 0.8 = 2.56 நியூற்றன்

இரண்டாவது ரோபோ: உருக்குத் தகட்டைக் கழற்றி அலுமினியத் தகட்டைப் பூட்டினோம். மின்கலங்களை அச்சுக்கு நேர் மேலே கொண்டுவந்தோம். திணிவு 500 கிராமாகியது. ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 2 செ.மீ. தூரத்துக்கு வந்தது.
5 × 2 = நுனியின் மறுதாக்கம் × 10
நுனியின் மறுதாக்கம் = 1 நியூற்றன்
சில்லுகளின் மறுதாக்கம் = 4 நியூற்றன்
உச்சத் தள்ளும் விசை = 4 × 0.8 = 3.2 நியூற்றன்

140 கிராம் குறைந்தது; தள்ளும் விசை கூடியது. மோட்டரை மாற்றவில்லை. பாரம் எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் விடையைத் தீர்மானிக்கிறது.

அதற்காக ஈர்ப்பு மையத்தைச் சரியாக அச்சின் மேலேயே வைத்துவிடலாமா? கூடாது. தள்ளும்போது ரோபோ முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும். நுனி நிலத்தை விட்டெழும்பினால் எதிரி நமக்கு அடியில் நுழைவான். சிறிதளவு பாரம் முன்னால் இருந்தே ஆக வேண்டும்.

7. ஆப்பு எவ்வாறு வெல்கிறது?

விறகு பிளக்கும் கோடரியும் ஓர் ஆப்பே. அலவாங்கால் கல்லைக் கிளப்புவது நெம்பு. ரோட்பிளாக் செய்ததும் இதுவே. ஆப்பு எதிரிக்கு அடியில் நுழையும்போது ஒரே நேரத்தில் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன.

முதலாவது, எதிரியின் சில்லிலுள்ள செவ்வன் மறுதாக்கம் குறைகிறது. ஆகவே அவனது தள்ளும் விசை குறைகிறது.
இரண்டாவது, அவனிடமிருந்து எடுத்த பாரம் நம் மீது ஏறுகிறது. அதில் ஒரு பங்கு நம் சில்லுக்கு வருகிறது. நமது தள்ளும் விசை கூடுகிறது.

உதாரணம்: இரு ரோபோக்களின் சில்லுகளிலும் 4 நியூற்றன் வீதம் பாரம் உள்ளது. இருவரின் தள்ளும் விசையும் 3.2 நியூற்றன். சமநிலை. இப்போது நம் ஆப்பு எதிரியின் சில்லுப் பக்கத்தில் நுழைந்து 2 நியூற்றன் பாரத்தைத் தூக்குகிறது. அப்பாரம் நம் அச்சுக்கும் நுனிக்கும் நடுவில் இருப்பதாகக் கொள்வோம். அப்போது பாதி சில்லுக்கும் பாதி நுனிக்கும் போகும்.

நமது சில்லு: 4 + 1 = 5 நியூற்றன். தள்ளும் விசை 5 × 0.8 = 4.0 நியூற்றன்
எதிரியின் சில்லு: 4 – 2 = 2 நியூற்றன். தள்ளும் விசை 2 × 0.8 = 1.6 நியூற்றன்

மோட்டரும் மின்கலமும் மாறாமலே நாம் எதிரியிலும் இரண்டரை மடங்கு பலசாலியாகிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள். எதிரியின் ஆப்பு நுனியைத் தூக்கினால் அவன் சில்லின் பாரம் குறையாது. எனவே நேருக்கு நேர் மோதுவதிலும் பார்க்க, சுற்றிச் சென்று பக்கவாட்டிலோ பின்னாலோ நுழைவதே பயன் தரும்.

8. மோட்டரும் மின்சுற்றும்

தெரிவு விதி: மோட்டர் நிற்பதற்கு முன் சில்லு வழுக்க வேண்டும். சில்லு வழுக்கினால் இறப்பர் தேயும், அவ்வளவுதான். மோட்டர் நின்றுவிட்டால் மின்னோட்டம் உச்சத்துக்குச் சென்று சுருள் எரியலாம்.

நமது உச்சத் தள்ளும் விசை 4.0 நியூற்றன். சில்லுகள் இரண்டு, ஒன்றுக்கு 2.0 நியூற்றன். சில்லின் ஆரை 3.25 செ.மீ., அதாவது 0.0325 மீற்றர்.
ஒரு மோட்டருக்குத் தேவையான திருப்பம் = 2.0 × 0.0325 = 0.065 நியூற்றன் மீற்றர்

மோட்டர் விற்பவர்கள் இதனைக் கிலோகிராம் சென்ரிமீற்றர் என்ற அலகிற் கூறுவார்கள். 1 கிலோகிராம் சென்ரிமீற்றர் ஏறத்தாழ 0.1 நியூற்றன் மீற்றர். எனவே 0.8 கிலோகிராம் சென்ரிமீற்றர் தரும் மோட்டர் போதுமானது. அந்த எண் எத்தனை வோல்ற்றுக்கு உரியது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மின்னோட்டம்: மின்கலம் நான்கு தொடராக, 4 × 1.2 = 4.8 வோல்ற்று. மோட்டர்ச் சுருளின் தடையை மல்ரிமீற்றரால் அளந்தபோது 6 ஓம் எனக் கொள்வோம்.
மோட்டர் நிற்கும்போது மின்னோட்டம் = 4.8 ÷ 6 = 0.8 அம்பியர்
சமாந்தரமாக இரண்டு மோட்டருக்கு = 1.6 அம்பியர்
வலு = 4.8 × 1.6 = 7.68 வாற்று

சுதந்திரமாகச் சுழலும்போது மின்னோட்டம் இதிலும் பார்க்க மிகக் குறைவு. 2 அம்பியர் உருகி பொருத்தமானது. ஆனால் அது குறுஞ்சுற்றிலிருந்தே காக்கும், 1.6 அம்பியரில் உருகாது. எனவே ரோபோ சுவரில் முட்டி நின்றால் இயக்குபவர் உடனே விசையை விட வேண்டும்.

கட்டுப்பாட்டுக்குப் புதிய கருவி வாங்க முடியாதவர்கள், உடைந்த விளையாட்டு வண்டி ஒன்றின் தொலைக்கட்டுப்பாட்டையும் உட்சுற்றையும் பயன்படுத்தலாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனி மோட்டரால் இயங்கும் வகையே வேண்டும். இரண்டும் முன்னோக்கினால் வண்டி நேரே போகும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் சுழன்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். ஆனால் அச்சுற்று சிறிய மோட்டருக்காகச் செய்யப்பட்டது. சில விநாடிகள் ஓட்டி, ஆளியை நிறுத்தி, சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய 27 மெகாஹேட்ஸ் வகை இரண்டை ஒரே மேடையில் இயக்கினால் ஒருவரின் கட்டளைக்கு இருவரின் வண்டியும் ஓடக்கூடும். 2.4 கிகாஹேட்ஸ் வகையில் இக்குழப்பம் பொதுவாக இல்லை. உதிரிப் பாகங்கள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். வீட்டிலிருந்து யாராவது கொழும்புக்குப் போகும்போது பட்டியலை எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

9. ஏன் சுழலும் ஆயுதம் கூடாது?

இயக்க சக்தி = ½ × திணிவு × வேகத்தின் வர்க்கம். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும்.

50 கிராம் உலோகத் துண்டொன்று செக்கனுக்கு 40 மீற்றர் வேகத்தில் பறந்தால்,
இயக்க சக்தி = ½ × 0.05 × 40 × 40 = 40 யூல்

4 கிலோகிராம் கல்லொன்று 1 மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் சக்தியும் 4 × 10 × 1 = 40 யூலே. அந்தக் கல்லைத் தலைக்கு மேல் பிடிக்க நீங்கள் சம்மதிப்பீர்களா? பெரிய போட்டிகளில் இத்தகைய ரோபோக்கள் உறுதியான மறைப்புக் கூட்டுக்குள்ளேயே மோதுகின்றன. வகுப்பறையில் அது இல்லை.

இலிதியம் பொலிமர் மின்கலம் பாரம் குறைந்தது. ஆனால் துளைபட்டாலோ, அளவுக்கு மேல் ஏற்றப்பட்டாலோ தீப்பற்றும். பழைய கைத்தொலைபேசியின் மின்கலத்தைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தவே வேண்டாம். மரப்பலகையும் தகரமும் அடுத்தடுத்து நிற்கும் லயத்தில் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

10. செய்யும் ஒழுங்கு

(1) கடதாசி மட்டையில் முழு அளவு மாதிரி வெட்டி, பாகங்களை வைத்துப் பாருங்கள்.
(2) மாதிரியை ஒரு பென்சிலின் மேல் சமப்படுத்தி ஈர்ப்பு மையத்தைக் கண்டறியுங்கள். திருகாணி போடும் முன் மின்கலத்தை நகர்த்துவது இலகு.
(3) அடித்தளத்தை வெட்டி மோட்டர்களைப் பூட்டுங்கள். இரண்டு அச்சும் ஒரே நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.
(4) மின்கலம், உருகி, ஆளி, கட்டுப்பாட்டுச் சுற்று என்ற ஒழுங்கில் இணையுங்கள். முதற் சோதனையில் சில்லு நிலத்தைத் தொடாதபடி உயர்த்தி வையுங்கள்.
(5) ஆப்பைக் கடைசியாகப் பூட்டுங்கள். ஒரு கடதாசித் தாள் நுழையாத அளவுக்கு நுனி நிலத்தோடு படிய வேண்டும். ஓரத்தை அரத்தால் மழுக்கிக் கை கிழியாதபடி செய்யுங்கள்.
(6) நிறுங்கள். கூடினால் பங்கீட்டுப் பட்டியலுக்குத் திரும்புங்கள்.
(7) ஒவ்வொரு சுற்றுக்கும் முன் சில்லை ஈரத்துணியால் துடையுங்கள். தூசு படிந்த இறப்பரின் உராய்வு குறைவு.

சோதனைகளை ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதுங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியவராது. இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு நடத்திவந்த "சஹசக் நிமவும்" போன்ற கண்காட்சிகளுக்கு ஆக்கமொன்றைக் கொண்டுசெல்ல நேர்ந்தாலும், "ஏன் இப்படிச் செய்தீர்?" என்ற கேள்விக்கு விடை அந்தக் கொப்பியிலேயே இருக்கும்.

பயிற்சி வினாக்கள்

அ. சரியான விடையைத் தெரிவு செய்க.

1. 450 கிராம் திணிவுள்ள ரோபோவின் நிறை,
(1) 0.45 நியூற்றன் (2) 4.5 நியூற்றன் (3) 45 நியூற்றன் (4) 450 நியூற்றன்

2. மோட்டரை மாற்றாமல் ரோபோவின் சில்லு வழுக்குவதைக் குறைக்க மிகப் பொருத்தமான வழி,
(1) மின்கலத்தை நுனிக்கு நகர்த்தல் (2) சில்லுக்கு எண்ணெய் பூசல் (3) மின்கலத்தை அச்சின் பக்கம் நகர்த்தல் (4) உருகியை அகற்றல்

3. மோட்டரின் ஊடாக மின்னோட்டம் உச்சமாக இருப்பது அது,
(1) சுதந்திரமாகச் சுழலும்போது (2) தடைப்பட்டு நிற்கும்போது (3) ஆளி திறந்திருக்கும்போது (4) மெதுவாக நேரே செல்லும்போது

ஆ. அமைப்புக் கட்டுரை வினா

ஒரு ரோபோவின் திணிவு 400 கிராம். அச்சிலிருந்து ஆப்பின் நுனிக்கு 12 செ.மீ.; ஈர்ப்பு மையத்துக்கு 3 செ.மீ. எல்லை உராய்வு செவ்வன் மறுதாக்கத்தின் 0.8 பங்கு.
(i) ரோபோவின் நிறை யாது?
(ii) நுனியின் மறுதாக்கத்தைக் காண்க.
(iii) சில்லுகளின் மறுதாக்கத்தையும் உச்சத் தள்ளும் விசையையும் காண்க.
(iv) மின்கலத்தை நகர்த்தியதும் ஈர்ப்பு மையத்தின் தூரம் 1.5 செ.மீ. ஆகியது. புதிய தள்ளும் விசை யாது?
(v) 6 வோல்ற்று மின்கலத்தொகுதியும் 8 ஓம் தடையுள்ள இரு மோட்டர்களும் சமாந்தரமாக இணைக்கப்பட்டுள்ளன. மோட்டர்கள் நிற்கும்போது மொத்த மின்னோட்டம் யாது?

இ. கட்டுரை

"அன்றாட வாழ்வில் நான் கண்ட ஒரு விஞ்ஞான உண்மை" என்னும் தலைப்பில் 200 சொற்களில் எழுதுக. தேயிலைத் தொழிற்சாலை, வீதி, சமையலறை ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்து, கண்டதை முதலில் எழுதி, காரணத்தைப் பின்னர் எழுதுக.

விடைகள்

அ. 1 – (2), 2 – (3), 3 – (2)

ஆ. (i) 4 நியூற்றன். (ii) 4 × 3 = மறுதாக்கம் × 12; எனவே 1 நியூற்றன். (iii) 3 நியூற்றன். 3 × 0.8 = 2.4 நியூற்றன். (iv) நுனியில் 0.5, சில்லில் 3.5, எனவே 3.5 × 0.8 = 2.8 நியூற்றன். (v) 6 ÷ 8 = 0.75; இரண்டுக்கும் 1.5 அம்பியர்.

மாணவர்களே, ரோபோ என்றால் கொழும்புப் பாடசாலைக்கும் ஆங்கிலப் புத்தகத்துக்கும் உரியது என்று எண்ணி ஒதுங்க வேண்டாம். லொறியின் பின்சில்லில் ஏறி நிற்பவர்களுக்கு உராய்வு தெரியும். அலவாங்கு பிடிப்பவர்களுக்கு நெம்பு தெரியும். அவர்கள் கையால் அறிந்ததைச் சமன்பாடாக எழுதத் தெரிந்துகொள்வதே உங்கள் பங்கு. அந்த மாணவன் அன்று எங்கள் வகுப்பில் செய்தது அதன் முதற் படியே. மீதியை அவன் தன் விடைத்தாளில் எழுதிக்காட்டினான். நீங்களும் எழுதுங்கள்.